இன்று யாருக்குப் பிறந்தநாள்?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, ‘முப்பது வருஷமாகப் பிறந்தநாள் அட்டைகள் எழுதி வைக்கிறேன்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு எதையும் தொடவில்லை.

முதலில் அந்த அட்டைகளைப் பற்றி. ஒரு மரப்பெட்டி, உள்ளே 366 அட்டைகள், நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நீல மையில் பெயர், பிறந்த இடம், ஆண்டு. ஓரத்தில் சிவப்பு மையில் இன்னொரு குறிப்பு: இந்தத் தேதி எங்கிருந்து கிடைத்தது. ஞானஸ்நானப் பதிவேடா, பள்ளிச் சான்றிதழா, ஜாதகமா, அவரே எழுதியதா, யாரோ சொன்னதா? நீல மையை எழுத ஐந்து நிமிஷம் போதும். சிவப்பு மைக்குச் சில சமயம் ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் தினமும் காலை வணக்கத்தின்போது ஒரு மாணவர் ‘இன்று பிறந்த பெரியோர்’ பற்றிப் பேசுவார். ஐசக் நியூட்டன் பிறந்தது டிசம்பர் 25 என்கிறாள் ஒரு மாணவி. ஜனவரி 4 என்கிறான் இன்னொருவன். இருவரும் புத்தகத்தைக் காட்டுகிறார்கள். எது சரி?
(ஓர் ஆசிரியை)

பதில்: இரண்டு பேருமே சரி, டீச்சர். நியூட்டன் பிறந்த வீட்டில் நின்று கேட்டிருந்தால் ‘1642 டிசம்பர் 25’ என்று சொல்லியிருப்பார்கள். அதே நாளில் ரோம் நகரத்துத் தெருவில் கேட்டிருந்தால் ‘1643 ஜனவரி 4’ என்றிருப்பார்கள். நாள் ஒன்றுதான், நாட்காட்டிதான் வேறு.

பழைய ஜூலியன் நாட்காட்டி ஒரு வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்தேகால் நாள் என்று கணக்குப் போட்டது. உண்மையான வருஷம் அதைவிடப் பதினோரு நிமிஷம்போலக் குறைவு. பதினோரு நிமிஷம்தானே என்று விட்டால், நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்து பத்து நாளாக வளர்ந்து நின்றது. போப் கிரகோரி அதைச் சரிசெய்தார். 1582 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு படுத்தவர்கள் மறுநாள் காலை எழுந்தபோது அக்டோபர் 15. கத்தோலிக்க நாடுகள் முதலில் ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்து 170 வருஷம் பிடிவாதமாக இருந்துவிட்டு 1752-இல்தான் மாறியது. அங்கே செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918 வரை மாறவே இல்லை. அதனால்தான் கவிஞர் புஷ்கினுக்கு மே 26, ஜூன் 6 என்று இரண்டு தேதிகள்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் கதை இன்னும் வேடிக்கை. அவர் பிறந்தபோது குறிக்கப்பட்டது 1731 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. நாள் மட்டுமா, வருஷமும் அல்லவா மாறியிருக்கிறது! அமெரிக்கா அப்போது இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் புது வருஷம் மார்ச் 25-இல் பிறந்தது, அதனால் பிப்ரவரி முந்தைய வருஷத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடைப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கிறேன்: ‘கலிலியோ மறைந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்.’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 இத்தாலியின் புது நாட்காட்டிப்படி, நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய நாட்காட்டிப்படி. ஒரே அளவுகோலில் வைத்தால் நியூட்டன் 1643-க்குப் போய்விடுகிறார். இப்படி ஏதாவது ஒற்றுமை சொல்லத்தான் வேண்டும் என்றால் ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சொல்லுங்கள். கலிலியோ மறைந்து சரியாக 300 வருஷம் கழித்து, 1942 ஜனவரி 8 அன்று பிறந்தவர். 2018 மார்ச் 14, ஐன்ஸ்டைன் பிறந்த தேதியில் மறைந்தார். இதில் நாட்காட்டிக் குழப்பம் எதுவும் கிடையாது.

உங்கள் மாணவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 4 அன்று அந்த இருவரையும் சேர்த்தே நிறுத்துங்கள். ‘நான் சொன்னதும் சரி, இவன் சொன்னதும் சரி, ஏன் தெரியுமா?’ என்று அவள் தொடங்கட்டும். நியூட்டனைவிட அந்தப் பத்து நாள் கதை பிள்ளைகள் மனசில் நிற்கும். நிற்கட்டுமே!

கேள்வி: பிறந்த தேதியே தெரியாத பெரியவர்களுக்கு எந்த நாளில் விழா எடுப்பது? தெரியாமலே ஒரு தேதியை வைத்துக்கொள்வது பொய் இல்லையா?
(ஓய்வுபெற்ற கணக்காளர்)

பதில்: உங்கள் கடிதத்தில் ‘பொய்’ என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள் சார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷேக்ஸ்பியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26, ஞானஸ்நானம் செய்த நாள். பிறந்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. பிறந்த சில நாளில் ஞானஸ்நானம் செய்வது வழக்கம், அவர் 1616-இல் இறந்ததும் ஏப்ரல் 23. அதனால் பிறந்ததும் ஏப்ரல் 23 என்று உலகம் வைத்துக்கொண்டது. இசைமேதை பேத்தோவனுக்கும் இதே நிலைதான். ஜெர்மனியின் பான் நகரப் பதிவேட்டில் 1770 டிசம்பர் 17, ஞானஸ்நானம். பிறந்தது முந்தின நாளாக இருக்கலாம் என்பது கணிப்பு. திருவள்ளுவர் எந்த ஆண்டு, எந்த மாதம் என்று சொல்ல ஒரு ஓலைகூட இல்லை. தை 2-ஐத் திருவள்ளுவர் நாள் என்று வகுத்துக்கொண்டோம், கி.பி. ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு என்று ஒப்புக்கொண்டோம். இவற்றை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ‘இந்த நாளில் கூடுவோம்’ என்று ஊரே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. அப்படி ஏற்பாடுதான் என்று தெரிந்து செய்தால் போதும். ‘இன்றுதான் பிறந்தார்’ என்று அடித்துச் சொல்லும்போதுதான் நீங்கள் சொல்லும் பொய் உள்ளே வருகிறது.

ஆனால் என்னை உலுக்கிய அட்டை வேறு. ஃப்ரெடரிக் டக்ளஸ். அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து வந்து, அடிமை முறைக்கு எதிராகத் தன் காலத்தின் பெரிய குரலாக ஆனவர். தன் வரலாற்றைத் தொடங்கும்போதே, தன் வயது தனக்குத் தெரியாது என்று எழுதுகிறார். அடிமைகள் தங்கள் பிறந்தநாளை அறிவதில்லை. நடவுக் காலம், அறுவடைக் காலம் என்று அதையொட்டித்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தங்கள் வயது தெரிந்திருக்கிறதே, எனக்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று என்ற ஏக்கம் சின்ன வயதிலேயே அவருக்கு இருந்திருக்கிறது. அம்மாவை வேறொரு பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, பன்னிரண்டு மைல் நடந்து, இரவில் வந்து பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடுவாராம். பகல் வெளிச்சத்தில் அம்மாவைப் பார்த்ததாகவே டக்ளஸுக்கு நினைவில்லை.

பிற்காலத்தில் அவர் பிப்ரவரி 14-ஐத் தன் பிறந்தநாளாக எடுத்துக்கொண்டார். அம்மா தன்னை ‘வாலண்டைன்’ என்று கொஞ்சியதுதான் அதற்குக் காரணம் என்பார்கள். ஆண்டு 1817 ஆக இருக்கும் என்று கருதினார். அவர் 1895-இல் மறைந்து எத்தனையோ வருஷம் கழித்து, அந்தப் பண்ணைக்காரரின் கணக்கேடு ஆய்வாளர் கையில் கிடைத்தது. அதில் அடிமைப் பிள்ளைகளின் பட்டியலில் அவர் பெயரும் தாயின் பெயரும்: 1818 பிப்ரவரி. அதாவது தேதி எழுதித்தான் வைத்திருந்தார்கள். உடைமைப் பட்டியலில். எவருடைய பிறப்போ, அவருக்கு மட்டும் சொல்லவில்லை.

அதைப் படித்த அன்று அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதை எழுதுவது? கணக்கேட்டில் நாள் இல்லை, மாதம் மட்டும்தான். கடைசியில் பிப்ரவரி 14 என்றே எழுதி, ஓரத்தில் சிவப்பு மையில் ‘அவரே தேர்ந்தது’ என்று போட்டேன். பெட்டியில் உள்ள 366 அட்டைகளில் நான் மிகவும் மதிக்கும் குறிப்பு அதுதான். 1926-இல் கார்ட்டர் உட்சன் என்ற வரலாற்றாசிரியர் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென்று ஒரு வாரம் வகுத்தபோது, பிப்ரவரி 12 லிங்கன் பிறந்தநாளும் பிப்ரவரி 14 டக்ளஸ் பிறந்தநாளும் அதில் அடங்கும்படி பார்த்துக்கொண்டார். அந்த வாரம்தான் வளர்ந்து இன்று மாதமாக நிற்கிறது. ஒருவர் தானாகத் தேர்ந்துகொண்ட தேதியின் மேல் இவ்வளவு பெரிய கட்டடம் எழும்பியிருக்கிறது.

சிவப்பு மை போடும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அட்டை எழுதத் தொடங்கிய புதிதில், மூத்த இசைக்கலைஞர் ஒருவருக்குப் பிறந்தநாள் குறிப்பு வெளியிட்டோம். தேதி அவருடைய பள்ளிச் சான்றிதழில் உள்ளது, சந்தேகமே இல்லை என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை, நடுங்கும் கையெழுத்தில்: ‘தம்பி, நீங்கள் போட்டது வாத்தியார் எனக்குக் கொடுத்த தேதி. பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று ஒன்றரை வருஷம் கூட்டி எழுதினார். அம்மா சொன்ன நாள் வேறு. அந்த நாளில்தான் நான் குருவின் படத்துக்கு முன் உட்கார்ந்து பாடுவேன்.’ கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தபால் அட்டை இன்றும் பெட்டியின் அடியில் இருக்கிறது. அன்றைக்கே சிவப்பு மைப் பேனா வாங்கினேன்.

கேள்வி: நட்சத்திரம், திதி பார்த்துக் கொண்டாடுவதா, ஆங்கிலத் தேதியிலா?
(ஒரு வாசகி)

பதில்: அந்த மனிதரின் காலத்தில் எது வழங்கியதோ, அவரை நேசிப்பவர்கள் எதைக் காத்து வருகிறார்களோ, அதையே பின்பற்றலாம். ராஜராஜ சோழன் பிறந்த நட்சத்திரம் சதயம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஐப்பசி சதயத்தில்தான் விழா. அதற்கு ஆங்கிலத் தேதி தேடுவது வீண் வேலை. ரவீந்திரநாத் தாகூர் பிறந்தது 1861 மே 7. ஆனால் வங்காளிகளுக்கு அது ‘பொய்சாக் 25’. மேற்கு வங்கத்தில் அந்த வங்காளத் தேதிப்படியும், வங்கதேசத்தில் மே 8 அன்றும் கொண்டாடுகிறார்கள். புத்தர் பிறந்தநாள் பௌர்ணமியோடு நகர்கிறது. நபிகள் நாயகம் பிறந்தநாள் ஆண்டுதோறும் பதினோரு நாள்போல முன்னே வருகிறது, அது முழுக்க நிலாக் கணக்கு.

என் பெட்டியில் இவர்களுக்கு அட்டை வைப்பதுதான் சிரமம், இடம் மாறிக்கொண்டே இருக்கும். வருஷத் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவர்களை மட்டும் எடுத்து அந்தந்த நாளில் செருகுவேன். ஒரு மாலை முழுதும் போய்விடும். எனக்கு அது பிடித்த மாலை.

கேள்வி: பிறந்தநாள், நினைவுநாள், இரண்டில் எது முக்கியம்?
(கல்லூரி மாணவர்)

பதில்: தியாகராஜருக்குத் திருவையாற்றில் கூடுவது அவர் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி என்ற திதியில். கிறிஸ்தவப் புனிதர்களுக்கும் பெரும்பாலும் மறைந்த நாள்தான் திருநாள். இரண்டும் இல்லாத வழியும் உண்டு. சர் சி.வி. ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, ஆனால் நாம் தேசிய அறிவியல் நாள் என்று கொண்டாடுவது பிப்ரவரி 28. 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள் அது. எனக்கு இந்த மூன்றாவது வழி பிடிக்கும். பிறப்பதற்கு யாரும் உழைப்பதில்லை. பிப்ரவரி 28-க்குப் பின்னால் வருஷக்கணக்கான உழைப்பு இருக்கிறது.

கேள்வி: மறைந்த தலைவர்களுக்கு ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று போடுகிறார்களே, சரியா? 100-வது பிறந்தநாள், நூற்றாண்டு விழா இரண்டும் ஒன்றா?
(அச்சகத்தில் பிழை திருத்துபவர்)

பதில்: உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் எங்களைப் போன்றவர்களின் மானம் காப்பாற்றப்படுகிறது. வாழ்த்து, வாழ்கிறவருக்கு. மறைந்தவருக்கு ‘பிறந்தநாளில் நினைவுகூர்வோம்’, ‘பிறந்தநாளில் வணங்குகிறோம்’ என்று எழுதினால் அழகாகவும் இருக்கும், பொருளோடும் இருக்கும்.

எண் விஷயம் பெரிய சிக்கல். ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. 125 ஆண்டு நிறைந்தது 2012 டிசம்பர் 22. அந்த 2012-ஐத்தான் தேசியக் கணித ஆண்டு என்று அரசு அறிவித்தது, டிசம்பர் 22 தேசியக் கணித நாள் ஆயிற்று. இதில் ‘125-வது பிறந்தநாள்’ என்று எழுதும்போது, பிறந்த அன்றைய நாளையும் ஒன்று என்று எண்ணுபவர் ‘126-வது’ என்பார். சண்டை வேண்டாம் என்றால் ‘125 ஆண்டு நிறைவு’ என்று எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. நூற்றாண்டு என்றால் 99 நிறைந்து நூறாவது ஆண்டு நடக்கும் அந்த வருஷம் முழுதும். அதன் தொடக்க நாளிலும் விழா எடுக்கலாம், நிறைவு நாளிலும் எடுக்கலாம். எந்த முனை என்று அழைப்பிதழில் போட்டுவிட்டால் சரி.

கேள்வி: பிப்ரவரி 29-இல் பிறந்த பெரியவர்கள் யாராவது உண்டா? அவர்களுக்கு எப்போது விழா?
(பிப்ரவரி 29-இல் பிறந்தவர்)

பதில்: உங்கள் கூட்டம் சின்னது, ஆனால் கம்பீரமானது. பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய், 1896 பிப்ரவரி 29. கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல், மதுரையில் பிறந்தவர், 1904 பிப்ரவரி 29.

1900 லீப் ஆண்டு கிடையாது. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப். ஆகவே குழந்தை மொரார்ஜிக்கு முதல் பிப்ரவரி 29 வந்தபோது வயது எட்டு நிறைந்துவிட்டது. அந்த நாள் எது தெரியுமா? 1904 பிப்ரவரி 29, ருக்மிணி தேவி பிறந்த அதே நாள். 73 வருஷம் கழித்து, 1977-இல், பிரதமர் மொரார்ஜி அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பினார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கலைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. மொரார்ஜி 99 வயது வரை வாழ்ந்தார். நான் எண்ணிப் பார்த்தேன், பிறந்த அன்றைய நாளை விட்டுவிட்டால் அவர் கண்ட பிப்ரவரி 29 மொத்தம் 23.

மற்ற வருஷங்களில் 28-இலா மார்ச் 1-இலா என்று என்னைக் கேட்டால், நான் 28 என்பேன். பிப்ரவரியில் பிறந்தவரைப் பிப்ரவரியிலேயே வைத்திருப்போம்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் மாதம் ஒரு பெரியவர் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை, இரண்டு பேச்சு, நன்றியுரை. வரும் பத்துப் பேரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
(வாசகர் வட்டச் செயலாளர்)

பதில்: பேச்சை நிறுத்திவிடுங்கள். அவர் செய்த வேலையில் ஒரு துளியை வந்தவர்கள் கையால் செய்யவையுங்கள்.

சும்மா சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் ராமானுஜன் பிறந்தநாளுக்கு என்னை ஒரு சிறு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். நான் வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஈரோட்டில் பிறந்தது, கேம்பிரிட்ஜ் போனது, 32 வயதில் மறைந்தது எல்லாம். ஏற்பாடு செய்தவர், ‘அதெல்லாம் அப்புறம் சார்’ என்று சொல்லிவிட்டு ஒரு சிறுமியை அழைத்துக் கையில் சாக்பீஸ் கொடுத்தார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்களைக் கனம் பண்ணச் சொன்னார். அவள் எழுத எழுத எல்லோரும் கூடவே கணக்குப் போட்டார்கள். 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000, 1331, 1728. பதினொன்றைக் கனம் பண்ணும்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தப்பாகச் சொன்னார், பின்வரிசைப் பையன் திருத்தினான்.

‘இதில் இரண்டு எண்ணைக் கூட்டி 1729 கொண்டுவா’ என்றார். அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி எண்ணையும் முதல் எண்ணையும் விரலால் தொட்டாள்: 1728-உம் 1-உம். கைதட்டல். ‘இன்னொரு வழி இருக்கிறது’ என்றார். இப்போது அறையில் சத்தமே இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும். பின்வரிசைப் பையன் எழுந்து கத்தினான்: ‘ஆயிரமும் எழுநூற்று இருபத்தொன்பதும்!’ அதற்கப்புறம்தான் அவர் சொன்னார், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி வந்ததும், தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரஸ்யமில்லாத எண் என்று சொன்னதும், ராமானுஜன் உடனே மறுத்ததும். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய எண்களில் அதுதான் மிகச் சிறியது என்றார் அவர். அறையில் இருந்தவர்கள் அதே எண்ணோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டியவர்கள் அல்லவா, அந்தப் பதில் அவர்கள் முகத்தில் போய் இறங்கியதை நான் பார்த்தேன். என் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

உங்கள் வட்டத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஜனவரி 4. நியூட்டனை விட்டுவிடுங்கள், அன்று லூயி பிரெய்லுக்கும் பிறந்தநாள், 1809. மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் கூர்மையான கருவி கண்ணில் பட்டுப் பார்வை போனது. பதினைந்து வயதில், ஆறே புள்ளிகளில் எழுத்து முறையை வகுத்துவிட்டான் அந்தப் பையன். வந்தவர்களுக்குத் தடித்த தாளும் மழுங்கிய ஊசியும் கொடுங்கள். பிரெயில் முறையில் நம் ‘அ’ ஒரே ஒரு புள்ளி. அதில் தொடங்கி அவரவர் பெயரை எழுதட்டும். தாளைத் திருப்பி, கண்ணை மூடி, விரலால் படித்துப் பார்க்கட்டும். குத்தும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். முடிந்தால் பிரெயில் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, அவர் விரலால் வாசிக்கும்போது கூடவே உட்கார்ந்து கேளுங்கள். கைப்பேசி தானாக மேஜைக்குப் போய்விடும்.

மே 12 ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், 1820. விளக்கோடு நிற்கும் படத்தை மட்டும் மாட்டாதீர்கள். போர்க்களத்தில் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்கள் எவ்வளவோ அதிகம் என்று வட்ட வரைபடம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டியவர் அவர். அன்று ஏதாவது ஒரு கணக்கை எடுத்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் 11 பாரதியா? பேச்சாளர் வேண்டாம், ஆளுக்கொரு பாட்டு, சத்தமாக, எழுந்து நின்று.

கேள்வி: குறையுள்ள மனிதர்களுக்குப் பிறந்தநாள் விழா தேவையா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: வாஷிங்டன் பிறந்தநாள் அமெரிக்காவில் அரசு விடுமுறை. அவர் பண்ணையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகளாக இருந்தார்கள், தனக்கு உரியவர்களை விடுவிக்கும்படி உயிலில் எழுதி வைத்தார். நான் இரண்டையும் அதே அட்டையில் எழுதியிருக்கிறேன். விழா வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த நாட்டு மக்கள், முக்கியமாக அந்த அடிமைகளின் வழிவந்தவர்கள், பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் விழா எடுத்தால் அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கக் கூடாது. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி: ஒரே நாளில் பிறந்தவர்களில் உங்களுக்குப் பிடித்த ஜோடி?
(ஒரு வாசகர்)

பதில்: உலகத்தில் ஆபிரகாம் லிங்கனும் சார்லஸ் டார்வினும். 1809 பிப்ரவரி 12, ஆண்டுகூட ஒன்றுதான். தமிழில் ஜூன் 24: கண்ணதாசன் 1927, எம்.எஸ். விஸ்வநாதன் 1928. அந்த ஒரு அட்டையில் மட்டும் வேறு யார் பெயரையும் நான் சேர்க்கவில்லை.

கேள்வி: தாத்தா, என் பிறந்தநாள் ஆகஸ்ட் 4. அன்று யாராவது பெரியவர் பிறந்திருக்கிறார்களா?
(ஆறாம் வகுப்பு மாணவி)

பதில்: இருக்கிறார்களே கண்ணு! பாடகர் கிஷோர் குமார், 1929. ஒபாமா, 1961. ஆனால் உனக்கு நான் எடுத்துக் கொடுப்பது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் அட்டையை. ட்ரம்பெட் என்ற ஊதுகருவியை வாசிப்பதில் உலகப் புகழ் பெற்றவர், கரகரத்த குரலில் பாடவும் செய்வார். நியூ ஆர்லியன்ஸில் ரொம்ப ஏழை வீட்டில் பிறந்தவர். தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அது அமெரிக்காவின் சுதந்திர நாள், ஊரெல்லாம் வாணவேடிக்கை நடக்கும். 1971-இல் அவர் மறைந்தார். அதற்கும் பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான், ஒரு தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் கிடைத்தது: 1901 ஆகஸ்ட் 4.

ஆக, அவருடைய உண்மையான பிறந்தநாளில் அவருக்கு யாரும் வாழ்த்துச் சொன்னதே இல்லை. வரும் ஆகஸ்ட் 4 காலையில் வீட்டில் அவர் வாசிப்பை ஒருமுறை போடச் சொல்லிக் கேள். நீ பிறந்த நேரத்தை யார் பார்த்தார்கள், எதில் எழுதி வைத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுது. சிவப்பு மையில் குறித்து அவர் அட்டைக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன்.